சூளைக்குள் ஓடிய வண்டி

சென்னை விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி, புடவை மடிப்புக்குள்ளிருந்து இரண்டு கறுப்பு ரப்பர் பெல்ட்டுகளை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். உள்பக்கம் பல் பல்லாக இருக்கும். "என்னம்மா இது?" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. ஆட்கள் முன்னால் எனக்குப் பேச வராது. "பெல்ட்டு" என்றேன். "அது தெரியுது, எதுக்கு?" வண்டிக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவர் பெல்ட்டையும் என் இடுப்பையும் ஒரு தரம் பார்த்தார். "இடுப்பு வலிக்கா? எங்க அம்மாவும் இப்படித்தான், எதையாவது கட்டிக்கிட்டுத் திரியும்" என்று மடித்து வைத்துவிட்டார். நான் தலையை ஆட்டினேன். பொய் சொன்னது நான் இல்லை.

அந்தப் பெல்ட்டுகள் விருத்தாசலத்தில் இருந்த ஓர் இத்தாலி மோட்டார் சைக்கிளுக்கு. என் தங்கை தெய்வானையின் வீட்டுக்காரர் ராஜவேலு இத்தாலியில் தரை ஓடு செய்யும் பாக்டரியில் பதினோரு வருடம் சூளை வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது கப்பலில் அந்தச் சிவப்பு வண்டியையும் கொண்டுவந்தார். விருத்தாசலத்தில் பீஸ் கட்டைக்குப் பீங்கான் செய்யும் சின்ன கம்பெனி வைத்தார். நான் வாக்கப்பட்ட ஊர் மலேசியாவில் தைப்பிங். என் வீட்டுக்காரர் அங்கே மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். சகலை இரண்டு பேரும் போனில் பேசினால் பெண்டாட்டி பிள்ளை நலம் விசாரிக்க மாட்டார்கள், அந்த வண்டியைத்தான் விசாரிப்பார்கள்.

அந்த இன்ஜினில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு பெல்ட். மேலே வால்வைத் திறப்பதும் அது ஓட்டும் தண்டுதான், மூடுவதும் அதுதான். ஸ்பிரிங் மூடட்டும் என்று விடுகிற வண்டி இல்லை. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்தில் பெல்ட்டை மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் ஓட்டி, வேகத்தில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஆளைத் தார் ரோட்டில்தான் தேட வேண்டும். இந்தியாவில் அந்தப் பெல்ட் அப்போது கிடைக்காது. என் வீட்டுக்காரர் வாங்கி வைத்தார், அனுப்புவதற்குள் இறந்துபோனார். அடுத்த வருடம் ராஜவேலுவும் போய்விட்டார். பெல்ட் என் அலமாரியிலேயே இருந்தது.

பிறந்த ஊரான கம்மாபுரத்தில் நான் படித்தது ஐந்தாவதுவரைதான். ஆனால் முப்பது வருடம் பட்டறையின் பின்பக்கம் உட்கார்ந்து வால்வு இடைவெளி வைத்தவள் நான். என் விரல் ஒல்லி, இடுக்கில் போகும். பெரிய வண்டிகளை விடியற்காலையில் ரப்பர் தோட்டத்து ரோட்டில், ஒருவரும் பார்க்காத நேரத்தில், ஓட்டிப் பார்த்துக் கொண்டுவந்து நிறுத்துவேன். வாடிக்கைக்காரர்கள் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போவார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

தங்கை மகள் கவிதா போன் பண்ணினாள். நல்லூரில் ஆபீஸ் உத்தியோகம், அங்கேயே வாடகை வீடு. "பெரியம்மா, அம்மா சரியா சாப்புடறதே இல்ல. என்கூட வான்னா வரமாட்டேங்குது. அப்பா வண்டி சூளைக்குள்ள ஓடுதாம். அவரு உள்ள இருக்காராம். நீங்க ஒரு தரம் வந்து பாருங்க" என்றாள். சுனாமி வந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். நான் கிளம்பினேன்.

விருத்தாசலம் பஸ் உளுந்தூர்பேட்டை தாண்டி டயர் வெடித்து நின்றது. ஆண்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். கண்டக்டர் நட்டுகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக முறுக்கினார். எதிரெதிராக அல்லவா முறுக்க வேண்டும்? சொல்லலாம் என்று இரண்டு அடி எடுத்து வைத்தேன். "ஆயா, ஓரமா நில்லுங்க" என்றார் டிரைவர். ஓரமாக நின்றுகொண்டேன். ஊர் வந்து சேருகிறவரை சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். தைப்பிங் பஸ்ஸில் குளிர் விறைக்கும், பேச்சு இருக்காது. இங்கே வியர்வை, ஆனால் பக்கத்து சீட்டுக்காரி தன் மருமகளைப் பற்றி எல்லாவற்றையும் எனக்குச் சொல்லி முடித்துவிட்டாள். கடைசியில் கால் படி வேர்க்கடலையும் கொடுத்தாள்.

தெய்வானை வீடு கம்பெனிக்கு உள்ளேயே இருந்தது. ஊரே பீங்கான் தூள் பூசிய மாதிரி, வேப்ப இலைகூட வெள்ளை. கம்பெனி நின்றுபோய் ஒரு வருடம் ஆகியிருந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் பழைய சூளை, செங்கல்லில் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி வட்டமாக. அதன் வாசலைச் செங்கல் வைத்து அடைத்து மண் பூசியிருந்தது. அந்த மண்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலை நீட்டி, என் தங்கை உட்கார்ந்திருந்தாள். கன்னத்து எலும்பு தெரிந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் காபி, ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. அவளுக்கு இல்லை அது.

"வாக்கா" என்றாள், நேற்றுத்தான் பார்த்தவள் மாதிரி. "கையி கழுவு. அவரு இப்ப கெளப்பற நேரம், செத்த பேசாம இரு."

மணி மூன்று இருக்கும். பளீரென்ற வெயில். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

கேட்டது.

சூளைக்குள்ளிருந்து கலகலகல என்று வந்தது. சாதாரண வண்டியில் கிளட்ச் தகடுகள் எண்ணெயில் நனைந்து கிடக்கும், சத்தம் வராது. இந்த வண்டியில் அவை காய்ந்தே இருக்கும், கிளட்சைப் பிடித்தால் தகரப் பெட்டியில் சோழி குலுக்குவதுபோல் சத்தம் வரும். வண்டியை நிறுத்தி வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் காத்திருக்கிற சத்தம் அது. நான் காதால் வேலை செய்தவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். உள்ளே ஆள் போக வழியில்லை. பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே வைத்தார் என்று கவிதா சொல்லியிருந்தாள். கையில் இருந்த பை நழுவி விழுந்தது.

"கேக்குதா?" என்றாள் தெய்வானை. சந்தோஷமாகச் சிரித்தாள். "எம்மவ நம்பல. உனுக்குக் கேக்கும்னு எனக்குத் தெரியும்."

மறுநாள் காலையில் சூளை வாசலை நன்றாகப் பார்த்தேன். பூசிய மண்ணின் நடுவே, நெஞ்சு உயரத்தில், ஒரு கை பதிந்திருந்தது. அகலமான ஆண் கை, ஐந்து விரலும் தெளிவாக. அந்த ஊர்ச் சூளைக்காரர்களின் வழக்கம் அது. வாசலை அடைக்கிறவர் கடைசியில் ஈர மண்ணில் கையைப் பதிப்பார். அவர்தான் முதல் செங்கல்லை எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடமாட்டார்கள். அவர் வராமலே போய்விட்டால் பெண்டாட்டி மஞ்சள் தண்ணீர் விட்டு அந்தக் கையைக் கழுவி அழிப்பாள். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் பிரிப்பார்கள். ராஜவேலு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் முதல் நாள் தானே அடைத்துப் பதித்துவிட்டுப் போனாராம். திரும்பி வரவில்லை. தெய்வானை கழுவவும் இல்லை.

"ஏண்டி கழுவல?"

"கழுவுனா போயிடுவாரே."

உள்ளே போய் ரசம் வைத்தேன். தைப்பிங்கில் கோழி, மீன், மீ நூடுல்ஸ் என்று எது எதுவோ சாப்பிட்டுப் பழகியவளுக்கு அந்த ரசத்தின் வாசனை அடித்தவுடன் பசி வந்துவிட்டது. தெய்வானை இரண்டு கவளம் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "தலை கனமா இருக்குதுக்கா. மூணு மணிக்கு அங்க போனா செரியாயிடும்" என்றாள்.

மூன்றாம் நாள் அவளோடு நானும் போய் உட்கார்ந்தேன், முதுகைச் சாய்த்துக்கொண்டு. மண் இளஞ்சூடாக இருந்தது. ஓடி நின்ற இன்ஜின்மேல் கை வைத்தால் இருக்குமே, அந்தச் சூடு. கலகலப்பு தொடங்கியது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முற்றத்து வெயில் மஞ்சளாகி, தூரமாகப் போனது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"வள்ளி, பத்தாம் நம்பர் எடு."

அவருடைய குரலேதான். பொறுமை இல்லாத குரல். நான் பக்கத்தில் துழாவினேன், ஸ்பேனரைத் தேடி. கை கனத்தது. மண்டைக்குள் சம்மட்டி அடித்தது. "இரண்டு வருஷம் ஆச்சே, இவருக்கு இன்னும் ஸ்பேனர் கிடைக்கவில்லையா" என்று நினைத்துச் சிரிப்புகூட வந்தது. எழுந்துபோக மனசே இல்லை.

தலைவலிதான் என்னைக் காப்பாற்றியது. அந்த வலியை எனக்குத் தெரியும். தைப்பிங்கில் மழை விடாது. மழைக்காகப் பட்டறைக் கதவை இறக்கிவிட்டு உள்ளே இன்ஜினை ஓடவிட்டால் அரை மணியில் நெற்றி இப்படித்தான் தெறிக்கும். ஒரு தரம் வேலையாள் ஒருவர் சிரித்துக்கொண்டே மயங்கி விழுந்தார். அந்தப் புகையில் இருக்கிற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது. ஆளைத் தாலாட்டித் தூங்க வைத்துக் கொண்டுபோய்விடும்.

தெய்வானையைத் திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. உதடு செக்கச் செவேலென்று இருந்தது, வெற்றிலை போட்ட மாதிரி. அவள் வெற்றிலை போடுவதில்லை. அக்குளில் கைகொடுத்து வேப்ப மரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். எப்படி இழுத்தேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்தேன். இரண்டு பேரும் வாந்தி எடுத்தோம். கண் திறந்தவுடன் அவள் கேட்டது, "ஏன் இழுத்தே? கிளம்பலாம்னு சொல்லிக்கிட்டிருந்தாரு."

அடுத்த காம்பவுண்டில் பாவாடை என்பவர் கம்பெனி நடத்தினார். அங்கே மட்டும் சூளை எரிந்துகொண்டிருந்தது. நான் போய் அவர் கேட்டில் நின்றேன். ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். கால் திரும்பு திரும்பு என்றது. "தம்பி" என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. பஸ் சக்கரம் ஞாபகம் வந்தது. அன்று நடப்பது நடக்கட்டும் என்று ஓரமாக நின்றுவிட்டேன். இது தெய்வானை. பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துத் தகரக் கேட்டை ஓங்கி அடித்தேன். அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"உங்க சூளைப் புகை எங்க வூட்டுச் சூளைக்குள்ள வருது. எந்தங்கச்சி சாவப் பாத்தா!"

பாவாடை ஓடி வந்தார். ஐம்பது வயது, பெரிய உடம்பு. விஷயத்தைக் கேட்டதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ராஜவேலு அண்ணன்தான்க்கா கேட்டாரு" என்றார். இரண்டு சூளைக்கும் பொதுவாக ஒரே புகைபோக்கி. தரைக்கு அடியில் சுரங்கம் மாதிரி புகைப்பாதை, நடுவே திறந்து மூடும் இரும்புத் தகடு. "வண்டி துருப்பிடிச்சிடும் பாவாட, உன் சூளைச் சூட்ட கொஞ்சம் இந்தப் பக்கம் விட்டு வையின்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறப்பகூடச் சொன்னாரு. செத்தவரு சொன்ன வார்த்தையாச்சேன்னு அந்தத் தகட்ட நான் மூடவே இல்லீங்க. வாசல்தான் அடச்சிருக்குதே, புகை எங்க வெளிய வரப்போவுதுன்னு நெனைச்சேன்."

வருடம் முழுக்கக் காய்ந்த மண், ஓரமெல்லாம் வெடித்திருந்ததை அவரும் பார்க்கவில்லை. தெய்வானை சாய்ந்திருந்தது அந்த வெடிப்புமேல்தான்.

"அப்ப சத்தம்?"

அவர் என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். கல் உருண்டைகளைப் போட்டு மண்ணை அரைக்கிற பெரிய உருளை. மத்தியானம் கரண்ட் போய்விடும், மூன்று மணிக்குத்தான் வரும். வந்தவுடன் அதை ஓடவிடுவார்கள். அந்தக் குலுக்கல் புகைப்பாதை வழியாகப் போய்ச் சூளைக் கூண்டில் முழங்கியிருக்கிறது. சரிதான். எல்லாம் சரிதான். பக்கத்தில் நின்று கேட்டபோது அந்த உருளை தடதட என்றுதான் ஓடியது. தரைக்கு அடியில் அவ்வளவு தூரம் போனால் கலகல என்று மாறும் போலிருக்கிறது.

பாவாடை அன்றே தகட்டை இறக்கி, அதன்மேல் செங்கல்லும் வைத்து அடைத்தார். நானும் அவரும் தெய்வானைக்கு விளக்கிச் சொன்னோம். முழுதாகக் கேட்டாள். "புகையா? அவரு பீடி சிகரெட்டே தொட்டதில்ல" என்றாள். மறுநாள் பொழுது விடிந்ததும் அவள் மறுபடி வாசலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்குத் தகட்டை மூடிவிட்டோம். நான் ஊருக்குப் போனபிறகு? இப்படியே சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தால் உயிர் போகப் புகை எதற்கு?

பையிலிருந்து பெல்ட்டுகளை எடுத்துக்கொண்டுபோய் அவள் மடியில் போட்டேன்.

"உன் வூட்டுக்காரரு எங்கூட்டுக்காரருகிட்ட கடைசியா கேட்டது இதத்தான். உள்ள இருக்கிற பெல்ட்டு இந்தச் சூட்டுல வெந்துபோயிருக்கும். அப்படியே வுட்டுட்டா அவரு வந்தாலும் இந்த வண்டியில போவ முடியாது, பரவாயில்லியா?"

அவள் பெல்ட்டைத் தடவிப் பார்த்தாள். "வண்டிக்காகத் தொறங்க" என்றாள். "கைய அழிக்கக் கூடாது."

கழுவாமல் பிரிக்கக் கூடாது என்று பாவாடை சொல்லிவிட்டார். "அது தப்புக்கா. நாங்க யாரும் தொட மாட்டோம். அவரு போறதா இருக்கறதான்னு தெரியாம நடுவுல நிப்பாரு" என்று சொல்லி, மம்பட்டியை வைத்துவிட்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றார். நான்தான் செய்தேன். ரம்பத் தகட்டால் கையைச் சுற்றிச் சதுரமாக மண்ணை அறுத்தேன். பின்னால் கரண்டியைக் கொடுத்து நெம்பினேன். பலகை மாதிரி, ஒன்றரை விரல் கனத்தில், உடையாமல் வந்துவிட்டது. பச்சை மண், ஆனால் சூட்டில் இறுகியிருந்தது. தெய்வானை அதைப் பிள்ளையை வாங்குவதுபோல் வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொரு செங்கல்லாக எடுத்தேன்.

உள்ளே வெளிச்சம் போனதும் முதலில் தெரிந்தது சிவப்பு. வண்டி வாசலைப் பார்த்து நின்றது. தூசி இல்லை, துரு இல்லை. பெட்ரோல் டாங்குக்குள் விளக்கடித்துப் பார்த்தேன், வெள்ளித் தட்டு மாதிரி மின்னியது. இத்தாலி வண்டிக்கு ஈரம்தான் எமன், வயர் எல்லாம் பச்சை பூத்துவிடும். ராஜவேலு கணக்குப் போட்டது சரியாகத்தான் இருந்தது, பெண்டாட்டி விஷயத்தில் தவிர. ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டாண்டு போடாமல், வண்டி நேராக நின்றது. ஆள் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றியிருந்தால் நிற்கிற மாதிரி. கிட்டப்போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. மூச்சு வந்தது.

அதற்கடுத்த இரண்டு நாளும் வேலை. மூடியைக் கழற்றினால் பழைய பெல்ட் விரல் பட்டதும் வெடித்தது, பொரித்த அப்பளம் மாதிரி. புதிதை மாட்டி, பெல்ட்டுக்கும் அதை இறுக்கும் உருளைக்கும் நடுவே மெல்லிய ஆலன் கீயைச் சொருகி, இறுக்கமாக நுழைகிறதா என்று பார்த்து வைத்தேன். தளர்ந்தால் பல் தாவும், முறுக்கினால் பேரிங் போய்விடும். பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தேன், எங்கேயும் முட்டவில்லை. கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன். பேட்டரிக்குப் பாவாடையின் லாரியிலிருந்து ஒயர் இழுத்தோம். பாவாடையின் ஆட்கள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். "ஆயா மிஷினு மாதிரி செய்யுது பாருடா", "உங்க ஆயா ஆட்டுக்கல்லுகூட ஆட்டாது" என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்தார்கள். வெட்கத்தில் எனக்கு நட்டு இரண்டு தரம் கீழே விழுந்தது.

சனிக்கிழமை கவிதா வந்தாள். அன்று மத்தியானம் இன்ஜின் பிடித்தது. முதலில் ஒரு சிலிண்டர் இருமியது, அப்புறம் இரண்டும் சேர்ந்துகொண்டன. கிளட்சைப் பிடித்தேன். கலகலகல. தெய்வானை வாசலில் நின்று கேட்டாள், துண்டில் சுற்றிய மண்ணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"அம்மா, நாளைக்கு நல்லூருக்குப் போலாமா?" என்றாள் கவிதா.

"இந்த வண்டியில கூட்டிக்கினு போறதா இருந்தா வரேன். பஸ்ஸு கிஸ்ஸுல வரமாட்டேன்."

கவிதாவுக்கு ஸ்கூட்டிதான் தெரியும். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அறுபத்தாறு வயதில், பட்டப் பகலில், ஊர் பார்க்க! தைப்பிங்கில் என்னை மரமும் குரங்கும்தான் பார்த்திருக்கின்றன. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தெய்வானையின் கழுத்து எலும்பைப் பார்த்தேன். "ஹெல்மெட்டு இருக்குதா?" என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கவிதா சாமான்களோடு டெம்போவில் முன்னாலேயே போய்விட்டாள். நான் அவளுடைய சுடிதார் பேண்ட்டைப் போட்டு, மேலே ராஜவேலுவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். முகம் தெரியாத கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட் அவருடையதுதான். குனிந்து படுத்து ஓட்டுகிற வண்டி. தெய்வானை பின்னால் ஏறினாள். எங்கள் இருவருக்கும் நடுவே அந்தத் துண்டு மூட்டை. கையை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வண்டிக்கு மெதுவாகப் போகத் தெரியாது, கீழ் கியரில் திமிறும். டயர் காய்ந்து கல்லாகியிருந்தது. அதனால் வளைவில் சாய்க்காமல், உருட்டிக்கொண்டு போனேன். பாவாடை கேட்டில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கைகூப்பினார். எனக்கு இல்லை அது என்று தெரிந்தது. கடைத்தெருவில் ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்றார். டீக்கடையில் பேச்சு நின்றது. முகத்தை மூடி, வாயைத் திறக்காமல், அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறேனே, ஊர் கண்ணுக்கு நான் யார்? அந்த நினைப்பு வந்தவுடன் உள்ளங்கை ஜில்லிட்டது.

முதுகில் மட்டும் சூடாக இருந்தது. நடுமுதுகில், அந்த மூட்டை அழுத்துகிற இடத்தில். சூளையைத் திறந்து மூன்று நாள் ஆகிவிட்டது.

மணிமுத்தாற்றுப் பாலத்துக்கு முன்னால் தெய்வானை தோளைத் தட்டினாள். "நிறுத்துக்கா."

நிறுத்தினேன். அவள் இறங்கி, மூட்டையோடு சரிவில் ஆற்றுக்குள் போனாள். கணுக்கால் அளவு தண்ணீர். நான் வண்டியை விட்டுப் போக முடியாது, ஸ்டாண்டு புதைகிற மண். மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்து, துண்டைப் பிரித்து, தண்ணீரில் வைத்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் மெதுவாகத் தேய்த்தாள். அவளைச் சுற்றித் தண்ணீர் பழுப்பாகக் கலங்கி, பாலத்துக்கு அடியில் போனது. துண்டை அலசிப் பிழிந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏறி வந்தாள்.

"வண்டி நல்லா ஓடுதுக்கா" என்றாள். "இனிமே அவரு ஒண்ணும் உள்ள ஒக்காந்து காத்துக்கினு இருக்க வேணாம்." கொஞ்சம் தூரம் போனதும் மறுபடி தட்டினாள். "பசிக்குது."

ரோட்டோரம் ஒரு கூரை ஹோட்டல். தெய்வானை இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துச் சாப்பிட்டாள். மூன்று வைத்தார்கள், முடிந்தது. இன்னும் மூன்று கேட்டாள். இதற்காகத்தானே நான் கடல் தாண்டி வந்தது. சட்னி கேட்கலாம் என்று எழுந்து திரும்பினேன்.

"ஆயா" என்றார் பரிமாறுகிறவர், என் முதுகுக்குப் பின்னால். "சட்டையில யாரோ சேத்துக் கைய வெச்சிருக்காங்க பாருங்க. அப்படியே அஞ்சு வெரலும். எம்மாம் பெரிய கையி!"

தெய்வானையின் கை என் கை மாதிரி, சின்னது. அதை அவள் துடைத்ததையும் பார்த்தேன்.

"என்னாக்கா?" என்றாள் தெய்வானை, வாயில் இட்லியோடு.

"ஒண்ணுமில்ல. கிரீஸு" என்றேன். "நீ சாப்புடு." போய் மூலையில் உட்கார்ந்து, அவள் ஆறாவது இட்லியை முடித்துக் கை கழுவப் போகிறவரை முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டேன்.